ஷூட்டிங் முடிஞ்சதும் அந்தக் குட்டி விமானங்கள் என்ன ஆகும்?

'சூரரைப் போற்று' வந்ததிலிருந்து மதுரைப் பக்கம் விமானம்னு சொன்னாலே சோழவந்தான் பேச்சு வந்துடுது. விமானப்படையின் தடையில்லாச் சான்று தாமதமானதால் 2020 அக்டோபர் 30-ல் வரவேண்டிய படம் நவம்பர் 12-க்குத் தள்ளிப்போனது நினைவிருக்கும். சரி, சினிமா சாகசத்துக்குப் பறக்கும் பழைய விமானங்களின் கதி என்ன?

காயலான் கடைதான் முதல் இடம்

ஹாலிவுட் ஸ்டன்ட் விமானி பால் மான்ட்ஸ், 1946-ல் போர்க்கால உபரி விமானங்கள் 475-ஐ சுமார் 55,000 டாலருக்கு வாங்கினார். சினிமாவுக்கு வைத்துக்கொண்டது 12 மட்டுமே, மிச்சமெல்லாம் பழைய இரும்பு. ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தில் நாயகனைத் துரத்துவது ஒரு விமானம், லாரியில் மோதி வெடிப்பது வேறொன்று. கவனிச்சிருக்கீங்களா?

சில விமானங்கள் உதிரிபாகமாக உயிர் வாழும். அப்படிப் பல விமானங்களின் பாகங்களை ஒட்டவைத்துக் கட்டியதுதான் 'தி ஃப்ளைட் ஆஃப் தி ஃபீனிக்ஸ்' படத்து விமானம். 1965 ஜூலை 8 அன்று படப்பிடிப்பில் அது தரையில் உரசி உடைந்தது. ஓட்டிய மான்ட்ஸ் அங்கேயே இறந்தார்.

ஷெட்டில் போட்டு வைக்கக் கூடாதா?

வைக்கலாம், ஆனா அது கார் இல்லை. 1931-ல் முதலில் பறந்த டைகர் மாத், எஃகுக் குழாய் உடற்சட்டத்துக்கும் மர இறக்கைகளுக்கும் மேல் துணி போர்த்திய விமானம். ஈரம் பட்டால் பசை விடும், கரையான் ஏறும், வெயிலில் துணி இற்றுப்போகும். மதுரை வெயில் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1958-ல் பறந்த நம்ம ஹெச்ஏஎல் புஷ்பக்கும் துணி போர்த்தியதுதான். சுமார் 160 தயாரித்து ஃப்ளையிங் கிளப்புகளுக்குக் கொடுத்தார்கள்.

மறுபடி பறக்கணும்னா டிஜிசிஏ பதிவும் பறக்கும் தகுதிச் சான்றும் வேண்டும். சினிமாவில் நடித்த விமானம் என்று சலுகையெல்லாம் கிடையாது. எரிபொருளும் தனி. பெரிய விமானங்களுக்கான ஏடிஎஃப் இதற்கு ஆகாது, ஏவிகேஸ் வேண்டும். இந்தியாவில் வெகுகாலம் இறக்குமதி செய்த இதை, இந்தியன் ஆயில் 2022-ல்தான் உள்நாட்டுத் தயாரிப்பாக அறிமுகப்படுத்தியது.

பிழைத்ததும் உண்டா?

உண்டு. விமானப்படை தனது பழைய டைகர் மாத் ஒன்றைப் பிரிட்டனில் சீரமைத்து, 2012 விமானப்படை தினத்தில் ஹிண்டனில் பறக்கவிட்டது. அதற்குப் பின்னால் அரசின் பணம் இருந்தது. தனியார் ஷெட்டில் நிற்கும் விமானத்துக்கு அந்தச் செலவை யார் செய்வது?