அப்பா பர்ஸுல எக்ஸ்பயரி டேட்!

ரீசார்ஜ் முடியுற தேதியைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் கரெக்டா சொல்வோம். பர்ஸுல இருக்குற டிரைவிங் லைசென்ஸ் எப்போ முடியுதுன்னு கேட்டுப் பாருங்க பாஸ்... திருதிருன்னு முழிப்போம்!

நமக்குக்கூட பரவாயில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 30 வயசுக்குள்ள லைசென்ஸ் எடுத்தா, அது 40 வயசு வரைக்கும் செல்லும். சிக்கல், வீட்டு ஹால்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கு. ஆமா, நம்ம அப்பாதான்!

பழைய சட்டத்துல கணக்கே வேற. எடுத்த நாள்லேர்ந்து 20 வருஷம் அல்லது 50 வயசு, இதுல எது முதல்ல வருதோ, அதுவரைக்கும்தான். அப்படின்னா 2005, 2006-ல் எடுத்த லைசென்ஸுக்கெல்லாம் 2025, 2026-ல் ஆயுசு முடியுது. நாம பொறந்த நேரத்துல ஸ்கூட்டி ஓட்டக் கத்துக்கிட்ட அம்மாக்களும் இந்த லிஸ்ட்ல உண்டு.

ஹாஸ்டல்ல இதைப் பேசின அன்னிக்கே ரூம்மேட் ஊருக்கு போன் போட்டான். "லைசென்ஸா? அதெல்லாம் பீரோவுல பத்திரமா இருக்குடா"ன்னார் அவன் அப்பா. பத்திரமாத்தான் இருந்துச்சு. தேதி முடிஞ்சுதான் எட்டு மாசம் ஆகியிருந்துச்சு! மனுஷன் அதோடதான் தினமும் பைக்ல ஷிஃப்ட்டுக்குப் போய்ட்டு வந்திருக்கார். "ஒரு வருஷம் டைம் இருக்காமே" என்று சமாதானம் வேற.

இங்கேதான் நிறைய பேர் குழம்புறாங்க. தேதி முடியுறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியிலேர்ந்து, முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அது விண்ணப்பிக்கத்தான், வண்டி ஓட்ட இல்லை! முன்னாடி, காலாவதியானாலும் 30 நாள் செல்லும்னு ஒரு சலுகை இருந்துச்சு. 2019 திருத்தத்துல அதையும் தூக்கிட்டாங்க.

மாட்டினா அபராதம் 5,000 ரூபாய். அதுகூட சின்ன விஷயம்தான். விபத்து நடக்குற நேரத்துல ஓட்டுறவர்கிட்ட செல்லுபடியாகுற லைசென்ஸ் இருக்கணும்னு இன்ஷூரன்ஸ் பேப்பர்ல ஒரு வரி இருக்கும். யாரும் படிக்காத வரி அது. அது இல்லேன்னா, நம்ம வண்டி ரிப்பேருக்கான க்ளெய்மை கம்பெனி மறுக்கலாம். எதிர்ல வந்தவருக்கு அடிபட்டா? அவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி முதல்ல நஷ்டஈடு கொடுத்துட்டு, பிறகு அதை வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு கோர்ட் உத்தரவு போடுறது உண்டு. 2004-ல் ஸ்வரண் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதைப் பத்தி விரிவா சொல்லியிருக்கு. கேஸுக்கு கேஸ் தீர்ப்பு மாறும்தான். ஆனா அப்படி ஒரு உத்தரவு வந்தா, லட்சக்கணக்குல போற அந்தத் தொகை, நமக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டுற அதே சம்பளத்துலேர்ந்துதான் போகணும்.

வேலை ஒண்ணும் மலை இல்லை. பரிவாகன் இணையதளத்துல 'சாரதி' பக்கத்துலேயே விண்ணப்பிக்கலாம். 40 வயசு தாண்டினவங்களுக்கு டாக்டர் கையெழுத்து போட்ட படிவம் 1ஏ கட்டாயம். ரூம்மேட் அப்பாவுக்கு வயசு 47, அதனால புதுப்பிச்சா 10 வருஷத்துக்குக் கவலை இல்லை. 50-லேர்ந்து 55-க்குள்ள இருந்தா 60 வயசு வரைக்கும் கிடைக்கும். அதுக்கு மேல அஞ்சஞ்சு வருஷம்.

அந்த ஒரு வருஷத்தையும் கோட்டை விட்டா? மறுபடியும் டெஸ்ட்! ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிரவுண்டுல, நம்ம ஜூனியர் பசங்களுக்கு நடுவுல ஹெல்மெட்டோட நின்னு அப்பா எட்டு போடணும். பார்க்க ஜாலியா இருக்கும், அவருக்கு இருக்காது.

இதையெல்லாம் படிச்சுட்டு அப்பாவை மட்டும் ஓட்டாதீங்க, எல்.எல்.ஆர். பார்ட்டிகளே. உங்களுக்கும் தேதி இருக்கு. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழிச்சு டெஸ்ட்டுக்குப் போகலாம். ஆறு மாசம் தாண்டினா அது வெறும் பேப்பர். செமஸ்டர் லீவுல எடுத்துட்டு, 'எட்டு போடுறதை அடுத்த லீவுல பார்த்துக்கலாம் மச்சி'ன்னு விட்டா, லேப் எக்ஸாம், தியரி எல்லாம் முடிச்சு ஊருக்கு வந்து சேரும்போது அந்த ஆறு மாசம் கரெக்டா முடிஞ்சிருக்கும்.