சிநேகிதரே இல்லாத பிள்ளையா?

நார்வே நாட்டின் தலைநகரம் ஆஸ்லோ. 2014-ம் ஆண்டு நவம்பர் மாதம் அங்கே மேட்ஸ் ஸ்டீன் என்ற 25 வயது வாலிபர் இறந்துபோனார்.

பிறவியிலேயே அவருக்குத் தசை நலிவு நோய். வயது ஏற ஏற உடம்பில் பலம் குறைந்தது. சக்கர நாற்காலியே கதி ஆயிற்று. கடைசியில் விரல்களைத்தான் ஓரளவு அசைக்க முடிந்தது.

அந்த விரல்களால் அவர் கம்ப்யூட்டரில் ஓயாமல் விளையாடினார். பல தேசத்தார் இன்டர்நெட் மூலம் ஒன்றாக ஆடும் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற விளையாட்டு அது.

மகனுக்கு ஒரு சிநேகிதர்கூட இல்லையே என்று பெற்றோர் உள்ளுக்குள் குமைந்தார்கள்.

குவிந்த கடிதங்கள்

மகன் இறந்த செய்தியைத் தந்தை ராபர்ட் இன்டர்நெட்டில் வெளியிட்டார். பல நாடுகளிலிருந்து ஆறுதல் கடிதங்கள் வந்து குவிந்தன. அடக்கத்துக்கு வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பெற்றோர் திகைத்துப் போனார்கள்.

யார் இவர்கள்? 'ஸ்டார்லைட்' என்ற ஆட்டக் குழுவினர். அவர்களுக்கு மேட்ஸ், 'இபெலின்' என்ற வீரர்!

உறவு வளர்ந்த விதம்

இந்த ஆட்டத்தில் பெரிய எதிரியைத் தனி ஆள் வெல்ல முடியாது. ஒருவர் அடி தாங்க வேண்டும். ஒருவர் காயம் ஆற்ற வேண்டும். மற்றவர்கள் தாக்க வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் காரியம் கெடும். ஆகவே குழு சேருகிறது, நம்பிக்கை வளருகிறது. சண்டை ஓய்ந்ததும் பேச்சு தொடங்குகிறது. வீட்டுக் கவலையும் அதில் வந்துவிடுகிறது.

அமெரிக்க மானிடவியல் அறிஞர் போனி நார்டி தாமே இந்த ஆட்டத்தில் சேர்ந்து, ஆடுவோரை ஆராய்ந்து, 2010-ல் ஒரு நூல் வெளியிட்டார்.

எழுத்தில் நின்ற வாழ்க்கை

ஸ்டார்லைட் குழுவினர் ஆட்டத்தில் தட்டச்சு செய்த பேச்சு ஆயிரக்கணக்கான பக்கங்களாகச் சேமிக்கப்பட்டிருந்தது. அதைக் கொண்டு டைரக்டர் பெஞ்சமின் ரீ எடுத்த படம் 2024-ல் வெளிவந்தது.

மேட்ஸ் பிறருடைய துயரத்தைக் கேட்டார், யோசனை சொன்னார். சில சமயம் கோபித்து மனம் நோகவும் செய்தார். தம் நோயை மட்டும் வெகுகாலம் மறைத்தார். அதைச் சொன்னால் பரிதாபத்துக்குரிய நோயாளியாக அல்லவா பார்ப்பார்கள்!

ஆட்டத்தில் இபெலின் ஓடுவதை விரும்பியவர். அவர் இறந்த பின்பு, அவர் நினைவாகக் குழுவினர் ஆட்டத்துக்குள் ஒன்றுகூடி ஓடினார்கள்.

பூட்டிய அறையில் பிள்ளை தனியாக இருந்ததாகப் பெற்றோர் நினைத்தார்கள். அறைக்குள் ஓர் ஊரே இருந்தது. அவர் உயிரோடு இருந்தபோதே அது அவர்களுக்குத் தெரிந்திருந்தால்!