மண்ணும் மருத்துவமும் – 12: ஆறாத புண்ணில் ஒளிந்திருக்கும் கிருமி

அரியலூர் மாவட்டத்தில் திருமானூர், தா.பழூர் பக்கம் சம்பா நடவு தொடங்கியதுமே சேற்றுப்புண்ணும் தொடங்கிவிடும். கொள்ளிடக் கரையோர வயல்களில் நாள் முழுக்கச் சேற்றில் நிற்கும் பெண்களுக்கு விரலிடுக்கு வெந்து, வெடித்து, அரிக்கும். மஞ்சளைக் குழைத்துப் பூசுவார்கள். மருதாணியை அரைத்து அப்புவார்கள். மேற்கே பெரம்பலூர் பக்கம் சேறு குறைவு. அங்கே மக்காச்சோளத் தட்டையும் பருத்தி மாரும் காலைக் கீறும். ஈரமும் அழுக்கும் படாமல் இருந்தால் இந்தக் காயங்களில் பெரும்பாலானவை தானாக ஆறிவிடும்.

ஆறாமல் போவது யாருக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 'இண்டியாப்' ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று தெரிந்தது. அது நகரத்து நோய், உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் நோய் என்ற எண்ணம் என்றோ பொய்த்துவிட்டது. களை பறிக்கிறவருக்கும் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் கால் நரம்புகள் மரத்துப்போகின்றன. முள் குத்தினாலும் தெரிவதில்லை. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இவற்றைவிட மோசமானது, கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடுவது. சர்க்கரைக்காரர்களின் முதுகில் கிளம்பும் ராஜபிளவையை ஊர்ப் பெரியவர்கள் அஞ்சியதற்குக் காரணம் இதுதான். சிறுநீரகம் பழுதானவர்கள், குடிக்கு ஆட்பட்டவர்கள், மூட்டுவலிக்கு என்று என்ன மாத்திரை என்றே தெரியாமல் ஸ்டீராய்டை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் உடம்பிலும் எதிர்ப்புச் சக்தி இப்படித்தான் தளர்கிறது.

இப்படிப்பட்டவர்களின் புண்ணில் சீழ் வைப்பவை பெரும்பாலும் நமக்குப் பழகிய கிருமிகள். ஸ்டெஃபைலோகாக்கஸ் அவற்றில் முதன்மையானது. ஆனால் வயல் மண்ணிலிருந்தே ஏறிவரும் ஒரு கிருமி உண்டு. பர்க்கோல்டெரியா சூடோமாலி என்பது அதன் பெயர். அது உண்டாக்கும் நோய் மெலியாய்டோசிஸ்.

இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் சி.எஸ்.கிருஷ்ணசாமி. 1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் நோய்க்கூறு மருத்துவராக இருந்தவர் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற ஆங்கிலேயர். பிணப் பரிசோதனையில் நுரையீரல், கல்லீரல், தோலுக்கடியில் எல்லாம் சீழ்க்கட்டிகள் நிறைந்த உடல்களை அவர் கண்டார். இறந்தவர்களில் பலர் மார்ஃபின் ஊசிக்கு அடிமையாகி, உருக்குலைந்து தெருவில் கிடந்தவர்கள். அந்தச் சீழில் இருந்த கிருமி, குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமிபோல் தோன்றியது. ஆனால் இந்தக் கிருமி நகர்ந்தது, கிளாண்டர்ஸ் கிருமி நகராது. 1912இல் விட்மோரும் கிருஷ்ணசாமியும் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழில் இப்புதிய நோயைப் பற்றி எழுதினார்கள். விட்மோர் பெயராலேயே அந்த நோயை அழைத்தவர்கள் உண்டு. கிருஷ்ணசாமியை மருத்துவ மாணவர்களுக்குக்கூடத் தெரிவதில்லை.

கோடையில் மண்ணின் ஆழத்தில் கிடக்கும் இக்கிருமி மழை பெய்ததும் மேலே வருகிறது. காலில் உள்ள கீறல் வழியாகவோ, மூச்சு வழியாகவோ, குடிநீர் வழியாகவோ உடம்புக்குள் புகுகிறது. வெள்ளை அணு விழுங்கினாலும் அதற்குள்ளேயே உயிரோடு இருந்து பெருகுவது இதன் வல்லமை. சிலருக்கு ஒரே வாரத்தில் ரத்தம் முழுக்கப் பரவி உயிரைப் பறிக்கும். சிலருக்கு மாதக்கணக்கில் ஆறாத புண்ணாக மட்டும் நிற்கும். இன்னும் சிலர் உடம்பில் ஓசையில்லாமல் பதுங்கியிருக்கும்.

எவ்வளவு காலம் பதுங்கும்? இரண்டாம் உலகப் போரில் பர்மா–தாய்லாந்து பகுதியில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த அமெரிக்கர் ஒருவருக்கு 82 வயதில் வலது கையில் புண் வந்தது. ஆறவேயில்லை. சோதித்தபோது இந்தக் கிருமி. அந்த மண்ணை அவர் மிதித்து 62 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2005இல் மருத்துவ இதழில் பதிவான சம்பவம் இது. சயாம் ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த மண் அது. அவர்கள் உடம்பில் இருந்தது என்ன கிருமி என்று சோதித்துப் பார்க்க அன்று யார் இருந்தார்கள்?

இந்தியாவில் இந்த நோய் 1990களில்தான் கவனத்துக்கு வந்தது. வேலூர் சி.எம்.சி.யின் ஜேக்கப் ஜான், மேரி ஜேசுதாசன் உள்ளிட்டோர் 1996இலேயே, இங்கே கண்டுபிடிக்கப்படுவது சொற்பம், கண்ணுக்குத் தப்புவதே அதிகமாக இருக்கலாம் என்று எச்சரித்தார்கள். தென்னிந்தியக் கடலோர மண்ணிலிருந்தும் கிருமி பிரித்தெடுக்கப்பட்டிருக்கிறது. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேருக்கு இந்த நோய் வருவதாகவும், 89,000 பேர் இறப்பதாகவும், அதில் தெற்காசியாவின் பங்கே பெரிது என்றும் 2016இல் ஒரு மதிப்பீடு வந்தது. நோயாளிகளில் பாதிப் பேர் அளவுக்குச் சர்க்கரைக்காரர்கள்.

கண்ணுக்குத் தப்புவதற்குக் காரணம் உண்டு. நுரையீரலில் வந்தால் காசநோய்போல் இருக்கும். காலில் வந்தால் வெறும் சர்க்கரைப் புண்போல் இருக்கும். ஆய்வகத்திலும் இதைச் சாதாரண சூடோமோனாஸ் கிருமி என்று ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு. நோயாளியோ மெடிக்கல் ஷாப்பில் அமாக்ஸிசிலின், செஃபலெக்சின் என்று மாற்றி மாற்றி வாங்கிச் சாப்பிடுவார். இந்தக் கிருமிக்கு இரண்டுமே உறைக்காது. ஜென்டாமைசின் ஊசியும் பெரும்பாலும் பலிக்காது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசியைக் குறைந்தது 10 முதல் 14 நாள் ரத்தக் குழாயில் ஏற்ற வேண்டும்; பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். புண் மூடிவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு கால் புண்ணையும் மெலியாய்டோசிஸ் என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். எந்தக் கிருமி என்று தெரியாமல் மருந்து கொடுப்பதும் வாங்குவதும் நிற்க வேண்டும், அவ்வளவுதான். சீழில் இருக்கும் கிருமியை வளர்த்து அடையாளம் காணும் கல்ச்சர் சோதனை பெரிய நகரத்துக்குப் போனால்தான் நடக்கும் என்ற காலம் இல்லை. அரியலூரில் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கே நுண்ணுயிரியல் துறை உண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரை கொடுக்கிற கையோடு பாதத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தால் எத்தனையோ கால்கள் தப்பும்.

சேற்றில் இறங்குகிறவர்கள் பூட்ஸ் போட வேண்டும் என்கிறது மருத்துவ அறிவுரை. பூட்ஸோடு நாற்று நடுவது எவ்வளவு கஷ்டம் என்பது நட்டவர்களுக்குத் தெரியும். காலில் புண் இருக்கிற நாளில் வேலைக்குப் போகாதே என்று சொல்வது எளிது. அன்றைய கூலியை யார் தருவது? குறைந்தபட்சம், நடவுக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் சர்க்கரையும் புண்ணும் உள்ளவர்களுக்குச் சேறு படாத வேலையாகப் பார்த்துக் கொடுக்கலாம். வரப்பு ஏறியதும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்துக் காயவிடுவது எல்லோராலும் முடியும்.

சர்க்கரை உள்ளவர்கள் காலில் புண் வந்தால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் சீழைக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வயல் வேலை செய்கிறவர் என்பதையும், சர்க்கரை எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதையும் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.