வீட்டு நாயும் நுண்பகையும்

மனிதனோடு ஒரே கூரையின்கீழ் வாழப் பழகிய விலங்குகளுள் நாயே மிகத் தொன்மையானது. ஆடும் மாடும் அவனை அடைவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே அது அவனுக்கு வேட்டைத் துணையாயிற்று. பின்னர் வீட்டுக் காவலும் ஆயிற்று. நாம் அதனுடன் உறைவிடத்தை மட்டுமன்றிக் கண்ணுக்குப் புலனாகாத நுண்பகைகள் சிலவற்றையும் பகிர்ந்து கொள்கின்றோம். 2020ஆம் ஆண்டில் கொரோனா என்னும் பெயரைக் கேட்டு உலகமே நடுங்கிற்று. ஆயின், அக்குடும்பத்தைச் சார்ந்த நச்சுயிரி ஒன்று நாய்களிடத்தே கண்டறியப்பட்டு அப்பொழுதே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

1971ஆம் ஆண்டில் ஜெர்மனியில் இராணுவக் காவல் நாய்கள் சில வயிற்றுப்போக்கால் வருந்தின. அவற்றின் மலத்திலிருந்து அறிஞர்கள் ஒரு நச்சுயிரியைப் பிரித்தெடுத்தனர். இக்குடும்பத்து நச்சுயிரிகளை மின்னணு நுண்ணோக்கியின் வழியே பார்த்தால், உருண்டை வடிவமும் அதனைச் சுற்றி முட்கள் நீட்டிக்கொண்டிருப்பதும் தெரியும். அத்தோற்றம் ஞாயிற்றைச் சூழ்ந்த ஒளிவட்டத்தை ஒத்திருந்தமையால், முடி என்று பொருள்படும் கொரோனா என்னும் இலத்தீன் சொல்லே பெயராயிற்று. அம்முட்கள் அழகுக்கு அமைந்தவை அல்ல. எவ்வுயிரின் எந்த உறுப்பில் நுழைவது என்பதைப் பெரும்பாலும் உறுதி செய்வன அவையே.

நாயின் குடலில் வாழும் இந்நச்சுயிரி பொதுவாகக் கொடியதன்று. குட்டிகட்குச் சில நாள் வாந்தியும் கழிச்சலும் உண்டாகும். பின்னர் அவை தேறிவிடும். எனினும், தேறிய குட்டியின் மலத்தில் பல நாள் வரையில் நச்சுயிரி வெளிப்பட்டுக் கொண்டேயிருக்கும். அம்மலம் பட்ட இடத்தை மோந்தும் நக்கியும் பிற நாய்கள் நோயைப் பெறுகின்றன. ஆகவே, பல நாய்களை ஒருங்கே அடைத்து வைக்கும் இடங்களில் இது விரைந்து பரவுகின்றது.

இத்துணை எளிய நோயைப் பற்றி அறிஞர்கள் கவலை கொள்வானேன்? விடை, அதன் மாறும் இயல்பில் இருக்கின்றது. பனையோலைச் சுவடிகளை நம் முன்னோர் படியெடுத்த முறையை எண்ணிப் பார்ப்போம். எழுதுவோர் எத்துணைக் கவனமாக இருப்பினும் ஓரிரண்டு எழுத்துகள் பிழைபடும். அப்பிழை அடுத்த படியிலும் தொடரும். கொரோனா நச்சுயிரியின் மரபுச் செய்தி ஏறத்தாழ 29,000 எழுத்துகளைக் கொண்ட ஒரு சுவடி போன்றது. அதனைப் படியெடுக்கும்பொழுதும் பிழைகள் நேர்கின்றன. பிழை திருத்தும் ஏற்பாடு ஒன்று அந்நச்சுயிரியிடமே உண்டு என்பது வியப்புக்குரியது. ஆயினும் சில பிழைகள் எஞ்சி நிற்கின்றன.

இதனினும் பெரிய மாற்றம் வேறொரு வகையில் நிகழ்கின்றது. உறவுடைய இரண்டு நச்சுயிரிகள் ஒரே உயிரணுவினுள் ஒரே காலத்தில் புகுந்துவிட்டால், படியெடுக்கும் கருவி ஒரு சுவடியைப் பாதிவரை எழுதி, மீதியை மற்றொரு சுவடியினின்று எழுதிவிடுகின்றது. இரு நூல்களின் ஏடுகள் கலந்து புதியதொரு நூல் பிறந்தாற்போன்று, இரண்டினும் வேறுபட்ட புதிய நச்சுயிரி பிறக்கின்றது. நாய், பூனை, பன்றி ஆகிய மூன்றன் கொரோனா நச்சுயிரிகளும் நெருங்கிய உறவின. அவற்றுள் இத்தகைய கலப்பு பலமுறை நிகழ்ந்திருக்கின்றது. நாயின் நச்சுயிரிகளுள் ஒருவகை, தன் முள்ளின் முனைப்பகுதியில் பன்றி நச்சுயிரியின் சாயலைக் கொண்டுள்ளது.

எழுத்துகள் சில மறைந்தமையும் கருதத்தக்கதே. 2005ஆம் ஆண்டில் தென் இத்தாலியின் அபூலியாப் பகுதியில், விலங்கு விற்கும் கடையொன்றில் இரண்டு மாதம்கூட நிரம்பாத ஏழு குட்டிகள் காய்ச்சலும் குருதிக் கழிச்சலும் வலிப்பும் கண்டு அடுத்தடுத்து மாண்டன. அவற்றை ஆராய்ந்த பாரி நகரத்து அறிஞர்கள், குடலளவில் நிற்க வேண்டிய நச்சுயிரி நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றிலும் பரவியிருக்கக் கண்டனர். அதன் மரபுச் செய்தியில் ஓரிடத்தில் 38 எழுத்துகளைக் காணவில்லை. அக்குறை ஒன்றே கொடுமைக்குக் காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை. எனினும், அந்நச்சுயிரியை அடையாளங் காண அது உதவிற்று.

நாயுடன் அத்தீங்கு நிற்கவில்லை. 2023ஆம் ஆண்டில் சைப்பிரஸ் தீவில் பூனைகள் பெருந்தொகையாக மடியத் தொடங்கின. பூனைகட்கு வயிற்றறை உறையில் அழற்சி தரும் கொடிய நோய் ஒன்று நெடுங்காலமாக உண்டு. அது ஒரு பூனையின் உடலிலேயே நச்சுயிரி திரிந்து தோன்றுவது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தொற்றுவதன்று. சைப்பிரஸிலோ அது பூனைக்குப் பூனை தொற்றிற்று. ஆராய்ந்தபொழுது, பூனையின் நச்சுயிரி உடல் முழுதும் பரவவல்ல நாய் நச்சுயிரியின் முள்ளைப் பெற்றிருந்தமை புலனாயிற்று. அத்தீவின் அரசு, மனிதர்களின் கொரோனா நோய்க்கென வைத்திருந்த மாத்திரைகளை அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் பூனைகளின் மருத்துவத்திற்கு அளிக்க இசைந்தது.

மனிதர்களிடத்தும் இதன் சுவடு காணப்பட்டுள்ளது. மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் 2017, 2018ஆம் ஆண்டுகளில் நுரையீரல் அழற்சியால் மருத்துவமனை சேர்ந்த 301 பேரின் மாதிரிகளைப் பின்னர் ஆராய்ந்தபொழுது, எட்டுப் பேரிடம் நாய் நச்சுயிரியின் அடையாளம் தென்பட்டது. அவ்வெண்மரில் பெரும்பாலோர் குழந்தைகள். ஒரு குழந்தையிடமிருந்து பெற்ற நச்சுயிரி, நாய், பூனை ஆகிய இரண்டன் கூறுகளும் கலந்த ஒன்று. இச்செய்தி 2021இல் வெளியாயிற்று. அந்நச்சுயிரியே அவர்தம் நோயை விளைத்தது என்பதற்கோ, மனிதரிலிருந்து மனிதர்க்குப் பரவிற்று என்பதற்கோ சான்று கிடைக்கவில்லை. ஆகவே, இதனைக் கேட்டு அஞ்சி வீட்டு நாயைத் துரத்துவது பேதைமை. மனிதரும் நாய்க்கு நோய் தந்ததுண்டு: 2020இல் ஹாங்காங் நகரில் நோயுற்ற மனிதரின் வீட்டு நாய்கள் இரண்டு, அவர்களிடமிருந்தே கொரோனாவைப் பெற்றன.

வீட்டு நாய்களின் நோயை யார் கணக்கெடுக்கின்றார்? பெரும்பாலான நாடுகளில் எவருமிலர். பிரிட்டன் இதற்கு ஒரு விலக்கு. அங்குக் கால்நடை மருத்துவர்கள் பலர் தம்மிடம் வரும் நாய்களின் நோய்க் குறிப்புகளைக் கணிப்பொறி வாயிலாக ஓரிடத்துக்கு அனுப்புகின்றனர். 2020ஆம் ஆண்டு ஜனவரியில் நாய்கள் கடுமையாக வாந்தியெடுப்பதாக ஆங்காங்கே செய்தி வந்தது. குறிப்புகளைத் தொகுத்துப் பார்க்க, வயிற்று நோய் நாடெங்கும் வழக்கத்தினும் மிகுந்திருப்பது சில வாரங்களில் தெளிவாயிற்று. உண்ட உணவும், தடுப்பூசி போட்டமையும் வேறுபாடு எதனையும் காட்டவில்லை. வாந்தியெடுக்கும் மற்றொரு நாயோடு ஒரே வீட்டில் இருந்த நாய்களே மிகுதியாக நோயுற்றன. மாதிரிகளைச் சோதித்தபொழுது அவற்றில் இருந்தது, ஜெர்மனியின் காவல் நாய்களிடத்தே முதன்முதல் கண்ட அதே குடற் கொரோனாவின் வழிவந்த ஒன்று.