எஸ்.ஜி.பி.டி எகிறினால் கல்லீரல் கெட்டுவிட்டதா? ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

நூம்பல், வேலப்பன்சாவடி, அம்பத்தூர் என எந்தப் பக்கம் போனாலும் ரத்தப் பரிசோதனை லேப்கள் கண்ணில் படுகின்றன. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால், மாலைக்குள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். அதில் தடித்த எழுத்தில் 'எஸ்.ஜி.பி.டி 78' என்று இருந்தால், டாக்டரைப் பார்க்கும் முன்பே பலருக்குத் தூக்கம் போய்விடுகிறது. சிலரோ, 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு.

எதை அளக்கிறார்கள்?

எஸ்.ஜி.பி.டி, எஸ்.ஜி.ஓ.டி இரண்டும் செல்லுக்குள் இருக்கும் என்சைம்கள். செல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கசியும். எஸ்.ஜி.பி.டி பெரும்பாலும் கல்லீரலில் இருப்பது. எஸ்.ஜி.ஓ.டி இதயத்திலும் தசையிலும்கூட உண்டு. 1954-ல் மாரடைப்பைக் கண்டறியத்தான் அதை முதலில் பயன்படுத்தினார்கள். ஜிம்மில் கடுமையாக உழைத்த மறுநாளும் அது கூடியிருக்கலாம்.

எண் சொல்லும் சேதி

பெரும்பாலான லேப்களில் உச்ச வரம்பு 40-ஐ ஒட்டி இருக்கும். அதைவிட இரண்டு, மூன்று மடங்கு என்றால் கொழுப்புக் கல்லீரல், மது, மாத்திரைகள், நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். எஸ்.ஜி.ஓ.டி, எஸ்.ஜி.பி.டி-யைப் போல இரு மடங்குக்கு மேல் இருந்தால் மதுவின் மீது சந்தேகம் எழும். ஆயிரத்தைத் தாண்டினால் அவசரம்.

ஆல்கலைன் பாஸ்படேஸ் கூடினால் பித்தக் குழாய் அடைப்பா என்று பார்ப்பார்கள். ஆனால் வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

என்சைம் நார்மல் என்பதாலேயே நிம்மதி அடைய முடியாது. கல்லீரல் சுருங்கிப்போன சிரோசிஸ் நோயாளிக்கும் அது நார்மலாக இருக்கலாம். கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்பதை பிலிரூபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம் ஆகியவைதான் சொல்லும்.

கீழாநெல்லி போதுமா?

சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க்குடன் சேர்ந்து கீழாநெல்லி பற்றிச் செய்த ஆய்வு, 1988-ல் 'லான்செட்' இதழில் வந்தது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உள்ளவர்களில் பலருக்குப் பலன் தெரிந்ததாக அது சொன்னது. பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. காரணம் தெரியாமல் கீழாநெல்லியை மட்டும் நம்பி மாதங்களைக் கடத்தினால், சிகிச்சைக்கான நேரம் கைவிட்டுப் போகும்.

என்ன செய்யலாம்?

சாப்பிடும் மாத்திரை, லேகியம், புரோட்டீன் பவுடர் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மதுவை நிறுத்துங்கள். ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனையும் ஸ்கேனும் தேவையா எனக் கேளுங்கள். கொழுப்புக் கல்லீரல் என்றால், எடையில் 7 முதல் 10 சதவிகிதம் குறைத்தாலே பெரும்பாலும் முன்னேற்றம் தெரியும்.

காசநோய் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வாந்தி, பசியின்மை, கண்ணில் மஞ்சள், அடர் மஞ்சள் சிறுநீர் என எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த மாத்திரைகளில் மூன்று கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை.