சாடித் தக்காளியின் அடி கறுப்பது ஏன்?

மகாவலி தீரத்துப் பேராதனையிலும் கன்னொறுவையிலும் வீட்டு முற்றத்துச் சாடியில் வளரும் தக்காளி, இலை செழித்துக் காய் பிடித்த பின்னர், பூ உதிர்ந்த நுனியில் கறுத்துத் தோல்போல் அமுங்குவதைக் காண்போர் அதனைக் கிருமியின் காரியமென்றே எண்ணுகின்றனர். உண்மையில் அது காய்க்குக் கல்சியம் எட்டாமையின் விளைவேயாகும்.

கல்சியம் வேர் உறிஞ்சும் நீரோடுதான் மேலேறும். இலைகள் நீரை மிகுதியாக ஆவியாக்குவதால் பெரும்பங்கு அவற்றிற்கே சேர, அற்பமாய் ஆவியாக்கும் காய் வஞ்சிக்கப்படுகிறது. இலையில் தங்கியது காய்க்குத் திரும்புவதுமில்லை. ஒருநாள் வறண்டு மறுநாள் வெள்ளமாகும் சாடியில் இவ்விடர் பெருகும். யூரியாவை அள்ளியிடுவதோ இலையையே பெருக்கும்.

கண்டி மழை சாடியின் துவாரவழியே சத்துக்களைக் கழுவிச்செல்வதால், பசளையைச் சிறுகச் சிறுகப் பலமுறை இடுங்கள். மாத்தளைப் பக்கத்தில் அகழப்படும், கல்சியம் தரும் டொலமைற் தூளை நடுமுன்னரே மண்ணிற் கலந்துவிடுங்கள். நீரூற்றுவதில் ஒழுங்கு தவறாதீர்கள்.