மீனுக்கு முன் நீரைப் பாருங்கள்
இல்ல மீன்தொட்டியில் நோய் அறிதலும் சிகிச்சையும்

பெங்களூருவின் தென்புறத்தில், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது ஆனேக்கல். மார்கழி, தை மாதங்களில் இங்கு இரவு வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்குவது வழக்கம். பணி நிமித்தமாகச் சந்தாபுரா, அத்திபெலே, ஜிகணி பகுதிகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவும், சொந்த ஊரில் வளர்த்த பழக்கத்தில் இங்கும் மீன்தொட்டி வைக்கின்றன. சென்னையிலோ மதுரையிலோ வெப்பமூட்டி இல்லாமலேயே நலமாக வாழ்ந்த மோலியும் ஏஞ்சலும் இங்கு முதல் குளிர்காலத்திலேயே சோர்ந்து, துடுப்புகளை மடக்கிக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்குகின்றன. சில நாட்களில் உடலெங்கும் உப்புத் தூவியது போல வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. கடைக்கு விரைந்து சென்று ஒரு குப்பி மருந்து வாங்கி ஊற்றுகிறோம். மறுநாள் நோயுற்ற மீனுடன் நலமாயிருந்த மீன்களும் மிதக்கின்றன.

இத்தகைய இழப்புகளில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. மருந்துக் குப்பியைத் திறக்குமுன் நீரைச் சோதிக்க வேண்டும் என்ற ஒரே விதியைக் கடைப்பிடித்தால் போதும்.

நீர் சொல்லும் செய்தி

மீன் தான் வாழும் நீரிலேயே கழிவையும் வெளியேற்றுகிறது. அக்கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உருவாகிறது. வடிகட்டியில் குடியேறும் நன்மை தரும் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே அதனை மீன்களால் நிரப்புவோர் முதல் மாதத்திலேயே பல மீன்களை இழப்பது இதனால்தான்.

எனவே மீன் சோர்ந்தால் முதலில் நீரின் வெப்பநிலை, அமில காரத்தன்மை, அம்மோனியா, நைட்ரைட் ஆகிய நான்கையும் அளந்து பாருங்கள். வண்ண மீன் கடைகளில் இதற்கான சோதனைத் தொகுப்புகள் கிடைக்கின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்க வேண்டும். நீரின் காரத்தன்மையும் வெப்பமும் உயர உயர அம்மோனியாவின் நச்சு கடுமையாகும். அளவு மிகுந்திருந்தால் குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையுள்ள நீரைக் கொண்டு தொட்டி நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றி, காற்றோட்டத்தைக் கூட்டி, ஓரிரு நாள் உணவை நிறுத்துங்கள். பல மீன்கள் இதனாலேயே தேறிவிடும்.

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலத்தடியிலிருந்து அப்போதே எடுத்த நீரில் உயிர்வளி குறைவாகவும் கரிவளி மிகுதியாகவும் இருக்கக்கூடும். அதனை ஒரு வாளியில் ஒரு நாள் முழுதும் காற்றேற்றி வைத்த பின்னரே தொட்டியில் சேர்ப்பது நல்லது.

அறிகுறிகளைப் பிரித்தறிதல்

நீர் சீராக இருந்தும் மீன் நலமின்றி இருந்தால் மட்டுமே நோயைத் தேட வேண்டும். எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், உயிர்வளிக் குறைவையோ நச்சையோதான் முதலில் ஐயுற வேண்டும். ஒரு மீன் மட்டும் நலங்குன்றினால் நோயோ காயமோ இருக்கக்கூடும்.

உப்புத் தூள் போன்ற தனித்தனிப் புள்ளிகள் வெண்புள்ளி நோயைக் குறிக்கும். பொன்தூள் பூசியது போன்ற மெல்லிய படலம் வெல்வெட் நோயின் அடையாளம். காயத்தின் மீது பஞ்சு போல வளர்வது பூஞ்சை. வாயைச் சுற்றியும் முதுகிலும் சாம்பல் கலந்த வெண்படலம் பரவினால் அது பெரும்பாலும் காலம்னாரிஸ் என்னும் பாக்டீரிய நோய். பார்வைக்குப் பூஞ்சை போலவே தோன்றினாலும் இதன் மருந்து வேறு. வெண்புள்ளிக்கு நன்மை தரும் வெப்பம் இந்நோயை விரைவுபடுத்தும். ஆகவே நோயைத் தவறாக அறிந்தால் சிகிச்சையே தீங்காக முடியும்.

மற்றொரு மயக்கமும் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனின் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் சிறு வெண்முத்துகள் தோன்றும். இது நோயன்று, மருந்து தேவையில்லை.

வெண்புள்ளிக்கு ஏன் ஒரு நாள் மருந்து போதாது?

இந்நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் வளரும்போது மருந்து அதனை எட்டுவதில்லை. முதிர்ந்ததும் அது தோலை விட்டு விலகி, தொட்டியின் அடியில் உறையிட்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அக்குஞ்சுகள் வேறொரு மீனைத் தேடி நீந்தும் குறுகிய காலத்தில் மட்டுமே மருந்துக்கு இரையாகும். 25 டிகிரி வெப்பத்தில் இச்சுழற்சி ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் முடியும். குளிர்ந்த நீரில் பல வாரங்கள் நீளும். ஆகவே புள்ளிகள் மறைந்தவுடன் சிகிச்சையை நிறுத்தினால் நோய் மீண்டும் வரும்.

வெப்பமண்டல மீன்களுக்கு நீரின் வெப்பத்தைச் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் 28 முதல் 30 வரை உயர்த்துங்கள். வெந்நீரில் உயிர்வளி குறைவதால் காற்றுக் குழாயைக் கூடுதலாக இயக்குங்கள். மருந்தை அதன் உறையில் குறித்த இடைவெளியில் தொடர்ந்து அளித்து, கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் சில நாட்கள் நீட்டியுங்கள். தங்கமீன் குளிர்நீர் மீன் என்பதால் அதற்கு இத்தகைய வெப்பம் ஏற்றதன்று.

அளவே மருந்து

மருந்தின் அளவு தொட்டியின் கொள்ளளவைப் பொறுத்தது. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் செ.மீ. கணக்கில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60 x 30 x 35 செ.மீ. தொட்டியின் கொள்ளளவு 63 லிட்டர். மணலையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் உண்மையான நீர் 50 லிட்டர் அளவே இருக்கும். ஒரு லிட்டருக்கு 2 கிராம் அயோடின் கலவாத உப்பு எனப் பரிந்துரைக்கப்பட்டால் 100 கிராம் போதும். அதனையும் ஒரே நேரத்தில் கொட்டாமல், கரைத்துப் பகுதி பகுதியாகச் சேருங்கள். செதிலற்ற கெளுத்தி வகைகளும் நீர்த்தாவரங்களும் உப்பைத் தாங்குவது அரிது. மருந்திடும் நாட்களில் வடிகட்டியிலுள்ள கரியை எடுத்துவிடுங்கள். இல்லாவிடில் அது மருந்தை உறிஞ்சிவிடும். நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்துகளைக் கால்நடை மருத்துவரையோ மீன்வள வல்லுநரையோ கேளாமல் பயன்படுத்தாதீர்கள்.

வருமுன் காத்தல்

புதிய மீனை 3 அல்லது 4 வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றுடன் சேருங்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். குளோரின் பட்டால் நல்ல பாக்டீரியாக்கள் மடியும். ஆனேக்கல் போன்ற ஊர்களில் வெப்பமண்டல மீன் வளர்ப்போர் ஐப்பசி தொடங்குமுன் வெப்பமூட்டியும் வெப்பமானியும் பொருத்திவிட வேண்டும். மீன் காசநோய்க் கிருமி கைக்காயத்தின் வழியாக மனிதருக்கும் தொற்றக்கூடும். காயம் இருந்தால் கையுறையின்றித் தொட்டியில் கை வைக்காதீர்கள்.

இறுதியாக, தொட்டியின் அருகே ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். நீர் மாற்றிய நாள், வெப்பநிலை, சோதனை அளவுகள், புதிய மீன் வந்த தேதி ஆகியவற்றை வாரம் ஒருமுறை எழுதுங்கள். கணக்குப் புத்தகத்தின் பற்று வரவைப் பார்ப்பவருக்கு இருப்புக் குறைவது முன்கூட்டியே தெரிவது போல, இக்குறிப்பேட்டைப் புரட்டுபவருக்கு மீன் சோர்வதற்கு முன்பே நீரின் மாற்றம் தெரிந்துவிடும்.